வட்டுக்கோட்டையில் ஒரு பகல்

கல்லூரியாற் பேர்பெற்ற சிற்றூர்கள் அமெரிக்காவில் பல உண்டு. அமெரிக்கர் வந்து கல்லூரி நிறுவியதாற் பேர்பெற்ற ஊர் ஒன்று நம் நாட்டிலும் இருக்கின்றது; அதுதான் வட்டுக்கோட்டை. நேயர்களே, 1990 இல் தடைப்பட்ட யாழ்ப்பாண ரெயில் 2014 இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. யாழ் நகரிலிருந்து மானிப்பாய் வழியாக வட்டுக்கோட்டை சென்று திரும்ப ஒரு பகல் போதும். உயர்கல்வியை எந்த மொழியிற் கற்பிப்பது என்ற தீராத வழக்கின் இரு பக்கங்களையும் அந்த ஒரு பகலிற் காணலாம்.

முதலில் மானிப்பாய். இங்குள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை, 1847 இல் இலங்கை வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் பெயர் தாங்கியது. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், 1864 முதல் தமிழிற் கற்பித்தார். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போகாமல் ஊர்மக்களிடையே தங்கி வைத்தியம் செய்யவேண்டும் என்பது அவர் எண்ணம். பாடநூல் இல்லாத குறையை 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களால் தீர்த்தார், கலைச்சொற்களும் ஆக்கினார்.

அங்கிருந்து மேற்கே சென்றால் வட்டுக்கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கின்றது. அங்கேதான் 1823 இல் டானியல் பூவர் தலைமையில் செமினரி எழுந்தது. ஆங்கில வழியே அறிவியலும் கணிதமும் புகட்டப்பட்டன. தமிழும் உடன் கற்பிக்கப்பட்டது. ஆங்கிலம் கற்றோர் மிஷன் ஊழியத்தை விட்டு உத்தியோகம் நாடினர் என்பது முக்கிய காரணமாக, 1855 இல் செமினரி மூடப்பட்டது. 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்வூரிலேயே தோன்றியது.

அப்படியானால் கிறீன் கண்ட வழியே சரி என்று தீர்ப்புக் கூறலாமா? செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அவரும் உத்தியோகம் பார்த்தவர்தான். ஆயினும் ஏடுகளைத் தேடி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றியவர் அவரே. மறுபுறம், 1873 இற் கிறீன் தாயகம் திரும்பிய பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளை ஆங்கிலமொழி வகுப்பிற் சேர்க்கும் பெற்றோர் இதனைச் சிந்திக்கவேண்டும். ஆங்கிலத்தால் மட்டும் தமிழ் கெடுவதில்லை. அதன் பக்கத்தில் தமிழுக்கும் ஓர் இருக்கை இட்டோமா என்பதே கேள்வி. வட்டுக்கோட்டை அன்று இட்டது.