பருந்துக்கு மருந்து

நான் வடசென்னையில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியனாக இருந்த காலத்தில், பங்குனி மாதத்து நண்பகல் ஒன்றில், ஆறாம் வகுப்பு மாணவர் நால்வர் என் அறை வாயிலில் வந்து நின்றனர். அவர்களுள் ஒருவன் தன் மேற்சட்டையைக் கழற்றி, அதில் எதையோ பொதிந்து மார்போடு அணைத்திருந்தான். பிரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளே ஒரு கள்ளப் பருந்து. பட்டம் விடும் மாஞ்சா நூல் அதன் வலச் சிறகைச் சுற்றி இறுகி, தசையை அறுத்து, எலும்பு தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தது. பறவை கத்தவில்லை, மஞ்சள் படர்ந்த அலகைச் சற்றே திறந்தவாறு எங்களை நோக்கிக்கொண்டிருந்தது.

அவ்வாரம்தான் அவ்வகுப்பில் சிபிச் சக்கரவர்த்தியின் கதையை நடத்தியிருந்தேன். புறாவின் எடைக்கு ஈடாகத் தன் தொடைத் தசையை அரிந்து தராசில் இட்ட மன்னனைப் பற்றி, எனக்கே கண் கலங்கும்படி பேசியிருந்தேன். ஆயினும் அன்று என் வாயில் வந்த சொற்கள் வேறு. "இது வேட்டையாடி உண்ணும் பறவை. நாம் இதற்கு எதைக் கொடுத்துக் காப்போம்? இயற்கை பார்த்துக்கொள்ளும். வேப்ப மரத்தடியில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போங்கள்" என்றேன். மாலை மணி அடிப்பதற்குள் காகங்கள் அதன் கதையை முடித்துவிட்டன. மறுநாள், சட்டையைக் கழற்றிய அந்தச் சிறுவன் என்னிடம் தனியே வந்து, "ஐயா, நூல் இயற்கையா?" என்று கேட்டான். அவன் குறும்பாகக் கேட்கவில்லை, அறியவே கேட்டான். நான் விடை கூறவில்லை.

காயமுற்ற வேட்டை விலங்குக்கும் வேட்டைப் பறவைக்கும் மனிதன் மருத்துவம் செய்யலாமா என்னும் வினாவை, பணி ஓய்வு பெற்ற பின்பு, நூல்களின் துணைகொண்டு ஆராயத் தொடங்கியது அந்த ஒரு சொல்லினால்தான். நேயர்களே, இது புதிய வினா அன்று.

சிபியின் கதையையே மீண்டும் எண்ணிப் பாருங்கள். நாம் அதைப் புறாவின் கதையாகவே குழந்தைகளுக்குச் சொல்லி வருகிறோம். ஆனால் அந்த மன்னனின் அவையில் வழக்குரைத்தது புறா அன்று, பருந்துதான். 'இதற்கு நீ அடைக்கலம் தந்தாய். இது என் உணவாயிற்றே, நானும் என் குஞ்சுகளும் பட்டினியால் மடிவது உனக்கு அறமாகுமா?' என்பது அதன் வழக்கு. அவ்வழக்கை மன்னன் தள்ளிவிடவில்லை. நியாயம் என்று ஏற்றுக்கொண்டமையால்தான் தன் தசையை அரிந்தான். ஊன் உண்ணும் உயிரின் பசியும் முறையிடத் தக்கதே என்று ஒப்புக்கொண்ட அரசன் அவன். சோழர் தம்மை அவன் வழியினர் என்று கூறிச் செம்பியன் என்னும் பெயர் பூண்டனர். இவ்வளவையும் ஆண்டுதோறும் பாடம் சொன்ன நான், பருந்தின் பக்கத்தை மட்டும் எப்படியோ மறந்திருந்தேன்.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கு மருத்துவம், விலங்குகளுக்கு மருத்துவம் என இருவகை மருத்துவம் நிறுவப்பட்டமையைக் கூறுகிறது. அது தம் ஆட்சிப் பரப்பில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பால் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாம்பபண்ணி வரையிலும் செய்யப்பட்டது என்கிறார் அவர். சத்தியபுத்திரர் என்போர் நம் அதியமான் மரபினரே என்பதைத் திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பைக் கல்வெட்டு பின்னாளில் உறுதி செய்தது. ஆகவே, விலங்கு மருத்துவம் பற்றிய நம் நாட்டின் முதற் சான்றுகளில் தமிழகமும் இடம்பெற்றுள்ளது.

அக்கல்வெட்டில் வரும் சொல் 'பசு' என்பது. நம் மாணவர் அதைக் கண்டால் மாடு என்றே பொருள் கொள்வர். பிராகிருதத்தில் அது பொதுவாக விலங்கைக் குறிக்கும், குறிப்பாகக் கால்நடையை. மருந்து மூலிகைகளையும் வழியோரக் கிணறுகளையும் சேர்த்துப் பேசுவதால், பேரரசர் கண்முன் நின்றவை வண்டி மாடும் குதிரையுமே என்பது என் எண்ணம். புலிக்குப் புண் கட்ட அவர் ஆள் அனுப்பியிருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் முடிசூடிய 26 ஆண்டுகளுக்குப் பின் அவர் வெட்டுவித்த ஐந்தாம் தூண் கல்வெட்டில், கொல்லலாகாத உயிர்களின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. கிளி, மைனா, வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில் எனச் சென்று, இறுதியில், மனிதனுக்குப் பயன்படாததும் உண்ணப்படாததுமான நாற்கால் உயிர் அனைத்தும் என்று முடிகிறது. அச்சொற்றொடரின் நேர்ப்பொருளைக் கொண்டால், புலியும் சிறுத்தையும் அதனுள் அடங்கும். மருத்துவம் கிட்டியதோ இல்லையோ, கொலையிலிருந்து காப்பு கிட்டிற்று.

இப்பழைய வினா நம் காலத்தில் மிகக் கூர்மையாக எழுந்த இடம் தில்லி மாநகரம். செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக்கில், சமணர்களின் செங்கோயில் வளாகத்தில் பறவைகளுக்கென ஒரு மருத்துவமனை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக நடந்து வருகிறது. புறாவும் கிளியும் குருவியும் அங்கே கட்டணமின்றிப் பேணப்படுகின்றன. அதன் தொண்டு போற்றுதற்குரியது. ஆனால் ஊன் உண்ணும் பறவைகளை அங்கே தங்க வைத்து வளர்க்கும் வழக்கம் இல்லை. புலால் மறுத்த இடத்தில் பருந்துக்கு இரை எவ்வாறு அளிப்பது? அவர்கள் கொள்கையின்படி அது முரணன்று. ஓர் உயிரைக் காக்க வேறோர் உயிரைக் கொல்ல நேர்கிறதே! நான் வேப்ப மரத்தடியில் சொன்ன வாதமும் அதுதான். அவர்கள் நெடுங்கால நோன்பினால் சொன்னதை நான் சோம்பலினால் சொன்னேன் என்பதே வேறுபாடு.

அதே பழைய தில்லியில், இசுலாமியர் பலர் பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை வானில் எறிவதை ஓர் அறமாகக் கருதுகின்றனர். இதனாலும் நகரின் குப்பை மேடுகளாலும், உலகில் கள்ளப் பருந்துகள் மிக அடர்ந்து வாழும் நகரங்களுள் ஒன்றாகத் தில்லி திகழ்கிறது. அங்குப் பட்டம் விடுவதும் மிகுதி. ஆகஸ்டு மாதத்தில் சுதந்தர நாளையொட்டி வானெங்கும் கண்ணாடித் தூள் பூசிய நூல். அதன் நடுவே பருந்துகள். நதீம் ஷேசாத், முகமது சவூத் என்னும் உடன்பிறந்தார் இருவர் தம் இளமையில் அடிபட்ட பருந்து ஒன்றைக் கண்டெடுத்து, ஊன் உண்ணும் பறவை என்பதால் அதைச் சேர்க்க இடம் கிடைக்காமல் திரும்பினர். பின்னர்த் தாமே அத்தொண்டில் இறங்கினர். உடற்பயிற்சியில் ஈடுபாடு கொண்டிருந்தபோது கற்ற தசை நூலறிவு அவர்களுக்குக் கைகொடுத்தது. சோப்புக் கருவிகள் செய்யும் தம் சிறு பட்டறையையும் வீட்டையும் மருத்துவமனையாக்கி, ஆயிரக்கணக்கான பருந்துகளின் சிறகைத் தைத்து விடுவித்துள்ளனர். 2022-ஆம் ஆண்டில் சௌனக் சென் என்பார் அவர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் உலகப் புகழ் பெற்றது. நைலான் முதலிய செயற்கை நூலாலான மாஞ்சாவை 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தது. தடை வந்தபின்னும் நூல் ஒழியவில்லை என்பதை எந்த மொட்டை மாடியிலிருந்தும் காணலாம்.

பருந்து சிறியது, சட்டையில் பொதியலாம். புலி அவ்வாறன்று. காயம்பட்ட புலியை அதன் விதிக்கு விட்டால் அது மட்டுமே மடிவதில்லை. இதற்கு ஜிம் கார்பெட் எழுதிய வரலாறுகளைவிடத் தெளிவான சான்று இல்லை. 1907-இல் அவர் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி, நேபாளத்திலும் குமாவோன் மலைநாட்டிலுமாக 436 பேரைக் கொன்றிருந்தது. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்க் கோரைப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் குண்டின் வேலை அது. மானைப் பிடிக்க முடியாத வாய் மனிதரைப் பிடித்தது. புலி ஆட்கொல்லியாவதற்குப் பெரும்பாலும் ஆறாத காயமே காரணம் என்றும், குறி தவறிச் சுட்டுவிட்டுப் பின்தொடராமல் சென்றவர்களின் அலட்சியத்துக்கு இதில் பெரும் பங்குண்டு என்றும் கார்பெட் கருதினார். எவனோ ஒருவன் ஒரு பிழை செய்து வீட்டுக்குப் போய்விட்டான். விலையை விறகு பொறுக்கிய பெண்கள் கொடுத்தார்கள்.

இவ்விடத்தில், 'மனிதன் செய்த காயத்துக்கு மனிதன் கடன்பட்டவன்; இயற்கை செய்த காயம் இயற்கைக்குரியது' என்று கோடு கிழித்து நிறுத்திவிட எனக்கும் ஆசைதான். கார்பெட் கூறும் மற்றொரு புலி அக்கோட்டை அழித்துவிடுகிறது. முக்தேஸ்வர்ப் பகுதியில் திரிந்த அப்பெண்புலியை எவரும் சுடவில்லை. முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்தது. ஏறக்குறைய 50 முட்கள் அதன் முன்னங்காலில் ஏறிப் புரையோடின. புதரில் படுத்துப் புண்ணை நக்கிக்கொண்டிருந்த அதன் அருகே, அறியாமல் புல்லறுக்க வந்தாள் ஒருத்தி. அவளே முதற்பலி. பின்னர் 24 உயிர்கள் வரை கணக்கு ஏறிற்று. முள் இயற்கையே, ஆனால் புல்லறுத்தவள் செய்த பிழை என்ன?

முள்ளம்பன்றியின் பெயர் நம் மாநிலத்திலும் வந்தது. 2021 செப்டம்பரில், வால்பாறையை அடுத்த முடீஸ் தேயிலைத் தோட்டப் பகுதியில், முள் தைத்து, எலும்பும் தோலுமாய் மெலிந்த ஆண்புலிக்குட்டி ஒன்றை வனத்துறையினர் மீட்டனர். மருத்துவம் செய்து, அடுத்த ஆண்டு, மந்திரிமட்டத்தில் காட்டுக்குள்ளேயே பெரிய வேலியிட்ட அடைப்பில் விட்டு, வேட்டை பழக்க முற்பட்டனர். ஆனால் கோரைப்பல் பழுதுற்றதனால், அதைக் காட்டில் விடலாமா என்பதே பெருங்கேள்வியாயிற்று. பல் பழுதுபட்ட புலியை ஊர் சூழ்ந்த காட்டில் விடத் துணிவோர், சம்பாவத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

அதே ஆண்டில் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் ஆட்களைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி-23 என்னும் புலியை வேட்டையாட ஆணை பிறந்தது. உடனே கொல்ல வேண்டா என்றது சென்னை உயர் நீதிமன்றம். அக்டோபர் 15-ஆம் நாள், உடலில் காயங்களோடு, அது உயிருடன் பிடிக்கப்பட்டு மைசூருவிலுள்ள மறுவாழ்வு நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மறுவாழ்வு என்பது பெயர். பிடிபட்ட கிழப்புலிக்கு அது ஆயுட்சிறை என்பதை நாம் ஒளிக்க வேண்டுவதில்லை. ஆயினும் மலையடிவாரத்துத் தொழிலாளிப் பெண்ணின் உயிரை ஒரு தட்டிலும் புலியின் விடுதலையை மறு தட்டிலும் வைத்தால், நான் தயங்காமல் கூண்டையே தேர்வேன்.

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்வினாவை அறிந்தே இயற்றப்பட்டது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கையோ, மீள இயலாத அளவுக்கு ஊனமுற்ற அல்லது நோயுற்ற விலங்கையோ கொல்லத் தலைமை வனவுயிர்க் காப்பாளர் இசைவளிக்கலாம் என்கிறது அதன் 11-ஆம் பிரிவு. பிடிக்கவும் மயக்கவும் இடம் மாற்றவும் இயலாது என்று தெளிந்தாலன்றிக் கொல்லலாகாது என்று 2003-இல் வந்த திருத்தம் சேர்த்தது. பிடித்த விலங்கைக் காட்டில் மறுபடி வாழ வைக்க இயலாவிட்டாலன்றி அடைத்து வைக்கலாகாது என்றும் சொல்லிற்று. மீள இயலுமா இயலாதா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் மருத்துவர் ஒருவர் அருகே சென்று பார்த்தாக வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவே. அந்த மதியம் நான் அதைக்கூடச் செய்யவில்லை.

எல்லாப் பரிவும் நற்பரிவு என்று நான் சொல்லவில்லை. ரந்தம்பூரில் மச்லி என்னும் புகழ்பெற்ற பெண்புலி முதுமையில் பல்லிழந்தபோது, வனத்துறையினரே இரை கட்டி அதைக் காத்தனர். 2016-இல் அது இறந்தது. முதுமைக்கு மருத்துவம் ஏது? கட்டப்பட்ட கன்றுகளைப் படமெடுக்க எவரும் வரவில்லை. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிமுறைகள், முதிர்ந்த அல்லது காயமுற்ற புலிக்குக் காட்டிலேயே கால்நடைகளைக் கட்டி இரையளிப்பதை ஏற்காமை சரியே என்பேன்.

பயன் தந்த பரிவுக்கும் சான்று உண்டு. ரஷ்யாவின் தூரகிழக்கில் 2012 பிப்ரவரியில் தாயற்ற பெண்குட்டி ஒன்று பனியில் கிடைத்தது. பனிக்கடியால் அழுகிய வால் நுனியை அறுத்து நீக்கினர். மனிதர் முகத்தைக் காணாதபடி, உயிருள்ள இரை கொடுத்து வளர்த்து, 2013 மே மாதத்தில் பாஸ்தக் காப்புக்காட்டில் விட்டனர். சோலுஷ்கா என்று பெயரிடப்பட்ட அது 2015-இல் இரு குட்டிகளை ஈன்றது. புலி மறைந்துபோயிருந்த ஒரு காட்டில் மீண்டும் புலிக்குட்டிகள் நடந்தன. அதை வளர்க்க எத்தனை முயலும் மானும் இரையாயின என்று கேட்டால், காட்டில் வளர்ந்திருந்தாலும் அத்தனையும் ஆகியிருக்கும் என்பதே விடை. சிபியின் அவையில் பருந்து சொன்னதும் இதுதான்.

என்னிடம் கேள்வி கேட்ட சிறுவன் அவ்வாண்டே தந்தையின் வேலை நிமித்தம் வேறு ஊர் சென்றுவிட்டான். கோடையில் இப்போதும் எங்கள் தெரு வேம்பில் நூல் தொங்குகிறது. நீண்ட கழியின் நுனியில் பழைய சவர அலகு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். விடியற்காலையில் எட்டிய மட்டும் அறுத்து எடுத்துவிடுகிறேன். மேற்கிளைகளுக்கு என் கழி எட்டுவதில்லை.