செய்திச் சாதனமும் அதை ஏற்கும் ஊரும்

செய்தித் தொடர்புச் சாதனங்கள் சமுதாயத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்று ஆராய்வோர் பெரும்பாலும் சாதனத்தின் ஆற்றலை அளப்பதிலிருந்தே தொடங்குகின்றனர். செய்தி எத்தனை வேகமாகச் செல்கிறது, எத்தனை பேரிடம் கருவி இருக்கிறது, அதன் விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பனவே அவர்கள் கணக்கில் முதலிடம் பெறுகின்றன. இக்கணக்கு அவசியமானதே. ஆயினும், செய்தி போய்ச் சேரும் இடத்தில் அமர்ந்திருப்பவர் யார், அக்கருவிக்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அது கெட்டால் பழுதுபார்க்கும் பொறுப்பு யாரைச் சேர்ந்தது, அவ்விடத்துக்குள் நுழைய ஊரில் யார் யாருக்கு உரிமை உண்டு என்பவற்றைப் பொறுத்தே பிரயோஜனம் அமைகிறது என்பது என் அபிப்பிராயம். சென்ற ஐம்பது ஆண்டுகளில் நடந்த சில பரிசோதனைகளைக் கொண்டு அதை நிறுவ முயல்கிறேன்.

1969-ஆம் ஆண்டில், விக்ரம் சாராபாய் முன்னின்று செய்த முயற்சியால், இந்திய அணுசக்தித் துறைக்கும் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பயனைக் காண அவர் இருக்கவில்லை, 1971-இல் காலமாகிவிட்டார். நாசாவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் துணைக்கோள், 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானம் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நாள்தோறும் நான்கு மணி நேரம் கல்வி ஒளிபரப்பை வழங்கியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், மாலையில் உழவு, சுகாதாரம், குடும்ப நலம் பற்றிப் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சிகள் வந்தன. மூன்று மீட்டர் விட்டமுள்ள, கம்பிவலையால் வேய்ந்த ஆன்டெனா ஒன்று ஊர்ப் பொதுவிடத்தில் நிற்க, அதனடியில் ஊரே கூடியிருந்து பார்த்த அக்காட்சி உலகத்து அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. மானிடவியலாளர் கிராமங்களிலேயே தங்கி விளைவுகளைக் கண்டறிந்தனர். எழுத்தறியாதவர்களும் பெண்களுமே புதிய செய்திகளை மிகுதியாகப் பெற்றனர் என்பது அவர்கள் கண்ட முடிபுகளுள் ஒன்று. ஆனால் ஓராண்டு முடிந்ததும் துணைக்கோள் திரும்பப் பெறப்பட்டது. நம் நாட்டுக்கே உரிய இன்சாட்-1பி வானேறியது 1983-இல்தான். இடைப்பட்ட காலத்தில் அவ்வூர்களில் மிகப் பலவற்றுக்கு எஞ்சியது பயன்படாத தொலைக்காட்சிப் பெட்டிதான். ஒளிபரப்பினூடே விஞ்ஞானப் பாடத்தில் பயிற்சி பெற்ற சுமார் 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களோ, துணைக்கோள் அகன்ற பின்னும் தம் வகுப்பறைகளிலேயே இருந்தனர். அப்பரிசோதனையில் நிலைத்து நின்ற பகுதி இதுவென்றே நான் கருதுகிறேன்.

இதனினும் சிறியதாயினும், நம்மவர்க்கு மிக அருகில் நடந்ததும், என் வாதத்துக்கு இன்றியமையாததுமான பரிசோதனை, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய அறிவு மையங்களே. வில்லியனூரில் ஒரு நடு நிலையம். அதிலிருந்து வானொலி அலைவழி சுற்றூர்களுக்குத் தொடர்பு. தொலைபேசிக் கம்பியும் மின்கம்பியும் அடிக்கடி ஏமாற்றும் இடமாகையால், அரசு மின்சாரத்தோடு சூரிய மின்பலகைகளும் சேர்த்து அமைக்கப்பட்டன. கணிப்பொறி வாங்குவதற்கு முன்பே, ஊரார் இதுவரை யாரிடமிருந்து செய்தி பெற்று வந்தனர் என்று விசாரித்தறிந்தனர். அயல்வீட்டார், கடைக்காரர், சந்தை, இவையே ஊரின் செய்தி நிலையங்கள் என்பது தெரியவந்தது. மையத்துக்கு இடம் தரும் பொறுப்பு ஊரைச் சேர்ந்தது. சாதி வேறுபாடின்றி எல்லாரும் உள்ளே வர வேண்டும் என்பது நிபந்தனை. ஏம்பலத்தில் மையம் கோயிலிலேயே இடம்பெற்றது; அதை நடத்தியவர்கள் அவ்வூர்ப் பெண்கள். கோயிலுக்குள் ஒரு பெண், கணிப்பொறி முன் அமர்ந்து, நெல் விலையும் ஆஸ்பத்திரி விவரமும் கேட்டு வருவோர் எவர்க்கும் எடுத்துச் சொல்லுகிறாள் என்பது, கருவி தானாகக் கொண்டுவந்த மாற்றமன்று. கருவியை வாய்ப்பாகக் கொண்டு மனிதர் பேசி முடித்துச் செய்துகொண்ட மாற்றமாகும். இவ்வேறுபாட்டை நம் திட்டக்காரர் பலர் இன்னும் உணரவில்லை என்பது எனக்குப் பெருங்கவலை அளிக்கிறது.

கடற்கரை ஊராகிய வீராம்பட்டினத்தில் மீனவர்க்கு வேண்டியது வேறு. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலையுயர முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்துத் தமிழில் அனுப்ப, அது ஒலிபெருக்கி வழியே கரையில் முழங்கியது. படகை இறக்கலாமா, கரையிலேயே நிற்பதா என்று முடிவு செய்ய வேண்டியவன் திரையைப் பார்க்க வேண்டியதில்லை; வலையைச் செப்பனிட்டுக்கொண்டே காதால் கேட்டால் போதும். நல்லவாட்டிலும் இத்தகைய மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலைபார்த்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். செய்தி எட்டியது ஒரு குடும்பத்துக்கு மட்டுமே. ஊரார் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவிக்க, 3,600-க்கு மேற்பட்ட மக்கள் அனைவரும் உயிர் தப்பினர்; ஏறத்தாழ 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. கடல் கடந்து வந்த தொலைபேசிச் செய்தியை நாம் வியக்கிறோம், வியக்கத் தக்கதே. ஆனால் ஒரு வீட்டுக்கு வந்த செய்தியை ஊர் முழுவதும் நம்பி ஓடும்படி செய்தது, நாள்தோறும் கடல்நிலை சொல்லிப் பழகிய அக்குரலின்மேல் ஊரார்க்கு ஏற்பட்டிருந்த நம்பிக்கையன்றோ?

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். எந்த நிறுவனமும் நடுவே இல்லாமல், கையில் செல்பேசி வந்ததாலேயே மீனவர் வாழ்வு சீர்ப்பட்டதைக் கேரளக் கரையில் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் காட்டியிருக்கிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர் வாங்குவாரின்றி மத்தி மீனைக் கொட்டிவிட இருந்த அதே வேளையில், 15 கிலோமீட்டருக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்ப இருந்தனர். செல்பேசி வந்தபின் இந்நிலை மறைந்தது; மீனவர் இலாபம் சராசரி 8 சதவீதம் ஏற, வாங்குவோர்க்கு விலை 4 சதவீதம் இறங்கியது என்று 2007-இல் வெளிவந்த அவர் ஆய்வு கூறுகிறது. இருசாரார்க்கும் ஒருங்கே நன்மை வாய்ப்பது அருமை. ஆயின் அக்கரையில் இயந்திரப் படகும், கரைதோறும் ஏலமும், ரொக்கம் கையில் வைத்திருக்கும் வியாபாரியும் முன்னரே இருந்தன. இல்லாதிருந்தது செய்தி ஒன்றே. மற்றவையெல்லாம் நிறைந்திருந்து செய்தி மட்டும் குறைந்திருக்கும் இடத்தில் சாதனம் தனித்து நின்று வெல்லும். கல்வி அத்தகைய இடமன்று.

பெரு நாட்டின் அனுபவம் இதற்குச் சான்று. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்னும் திட்டத்தை ஏற்று அந்நாடு லட்சக்கணக்கில் கருவிகளை வழங்கிற்று. நாட்டுப்புறப் பள்ளிகள் 319-இல் அமெரிக்கக் கண்டங்களுக்கிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிபு, கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதற்குச் சான்றில்லை என்பதே. டில்லியில் நடந்ததோ வேறு. பள்ளி முடிந்தபின் நடக்கும் மையங்களில், பிள்ளை எவ்வகுப்பில் இருக்கிறது என்பதை விட்டு, எவ்வளவு அறிந்திருக்கிறது என்று கண்டு அங்கிருந்தே தொடங்கும் கணினிப் பாடம், கூடவே சிறு குழுவுக்கு ஓர் உதவி ஆசிரியர். நாலரை மாதங்களில் கணக்கில் 0.37 திட்டவிலக்கம் முன்னேற்றம் காணப்பட்டது. கருவி இரண்டிடத்தும் உண்டு. பிள்ளையின் நிலையறிந்து பாடத்தை அமைக்கும் ஏற்பாடு ஓரிடத்தில்தான் உண்டு.

பெருந்தொற்றுக் காலம் இதையே நம் வாசலுக்குக் கொண்டுவந்தது. கல்வி நிலை பற்றி 2021-இல் எடுக்கப்பட்ட அசர் ஆய்வின்படி, இந்திய நாட்டுப்புறப் பிள்ளைகளுள் 67.6 சதவீதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அத்தகைய வீடுகளிலும் கால் பங்குக்குச் சற்று மிகுந்த பிள்ளைகளுக்குப் படிக்க அது கிடைக்கவில்லை. காலையில் தகப்பனார் வேலைக்குப் புறப்பட்டால் வகுப்பும் அவர் சட்டைப்பையில் ஏறிப் போய்விடும். அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், தன்னார்வலர் தெருத் திண்ணையிலும் சாவடியிலும் மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்து ஆறு திங்களுக்குள் மீண்டதென்றும், அம்மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் வந்ததென்றும் ஆய்வாளர் கண்டனர்.

இனி மின்சாரம். செய்திக்கு எடை இல்லையென எண்ணுகிறோம். அதைச் சேமித்து வைக்கும் தரவு மையங்களோ இரவும் பகலும் எரிபொருளை உண்கின்றன. இதில் அச்சத்தை மிகைப்படுத்துவதும் தவறு. 2010-க்கும் 2018-க்கும் இடையே உலகத் தரவு மையங்களின் கணிப்பு வேலை 550 சதவீதம் பெருகியபோதும், அவை செலவிட்ட மின்சாரம் 6 சதவீதமே ஏறிற்று. இயந்திரங்களின் சிக்கனம் அதற்குக் காரணம். ஆனால் நிலக்கரியைப் பற்றி 1865-இல் பொருளியலாளர் ஜெவன்ஸ் எச்சரித்தபடி, சிக்கனம் மலிவைத் தந்து, மலிவு தேவையைப் பெருக்கிவிடும். 2024-இல் இம்மையங்கள் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 1.5 சதவீதத்தைச் செலவிட்டன என்று சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. உலகக் கணக்கில் இது சிறிது. ஓர் ஊரின் கணக்கில் பெரிது. அயர்லாந்தில் 2015-இல் அளவியிட்ட மின்நுகர்வில் 5 சதவீதமாயிருந்த அவற்றின் பங்கு, 2023-இல் 21 சதவீதமாகி, அந்நாட்டு நகர வீடுகள் அனைத்தும் செலவிடுவதை மிஞ்சிற்று. டப்ளின் சுற்றுப்புறத்தில் புதிய மையங்களுக்கு இணைப்புத் தருவதை மின்வலை நிர்வாகம் நிறுத்திவைக்க நேர்ந்தது.

அயர்லாந்து இவ்வளவு தெளிவாகத் தன் நிலையை அறிந்ததற்குக் காரணம், அதன் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் இவ்வொரு பிரிவின் நுகர்வைத் தனித்தெடுத்து ஆண்டுதோறும் வெளியிடுவதே. கடலடிக் கம்பிகள் வந்து இறங்கும் சென்னையில், அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இத்தகைய மையங்கள் எழுந்துள்ளன. அவை வாங்கும் மின்சாரமும், குளிர்விக்கச் செலவிடும் நீரும், அதே துணைமின் நிலையத்தை நம்பியிருக்கும் குடியிருப்புகளின் நிலையோடு சேர்த்து, தனித் தலைப்பின்கீழ் ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் முன் வைக்கப்படுதல் வேண்டும். இணைப்பு அனுமதிக்கு அக்கணக்கை ஒப்படைப்பதையே முதல் நிபந்தனையாக்கினால், டப்ளின் கண்ட நெருக்கடியைச் சென்னை பல ஆண்டுகள் முன்னதாகவே எதிர்பார்த்து, மையங்களின் இடத்தையும் அளவையும் தானே வகுத்துக்கொள்ள இயலும்.