நேரில் கண்ட ஆட்டங்களின் கணக்கு

அமெரிக்கப் பேஸ்பால் ரசிகர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. தாம் அரங்கில் அமர்ந்து கண்ட ஆட்டங்களில் மட்டும் தம் அணி எத்தனை வென்றது, எத்தனை தோற்றது என்று தனிக் கணக்கு எழுதி வைப்பர். அங்கே ஓர் அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது; அவற்றுள் பாதி சொந்த ஊரில். விகிதம் காண அது போதும்.

தூத்துக்குடியின் கிரிக்கெட் ரசிகருக்கு அவ்வளம் வாய்க்கவில்லை. டெஸ்ட் ஆட்டம் காண அவர் இரவு ரயிலேறிச் சென்னை செல்லவேண்டும். சேப்பாக்கத்திலும் டெஸ்ட் நடவாத ஆண்டுகள் பல. முத்துக் கரைக்கு இது பழகிய கணக்குதான். சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டுமே இங்கு முத்துக்குளிப்பு நடந்தது. இடையில் நீண்ட வெற்றாண்டுகள். 1961-க்குப் பின் பெருங்குளிப்பே இல்லை. ஆகவே எத்தனை முறை என்பதைவிட எந்த ஆண்டு என்பதே இங்கு முதற்கேள்வி.

சேப்பாக்கத்தையும் அவ்வாறே கேட்டுப் பார்க்கலாம். 1952 பிப்ரவரி: வினு மன்கட் 12 விக்கெட் வீழ்த்த, இங்கிலாந்தை இன்னிங்ஸ் மற்றும் 8 ஓட்டங்களில் வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. 1986 செப்டம்பர்: ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இலக்கு 348, ஒரு பந்து எஞ்சியிருக்க 347-ல் கடைசி விக்கெட் விழுந்தது. டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது சமன். 2001 மார்ச்: ஹர்பஜன் சிங்கின் 15 விக்கெட்டுகள், இரண்டு விக்கெட்டில் வெற்றி.

1999 ஜனவரிதான் இக்கணக்கைச் சோதிக்கிறது. டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் தோற்றது. ஆயினும் அரங்கம் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தை வலம் வந்தனர். ஓட்டப் பட்டியலில் இதற்கு இடமில்லை. 1986, 1999 ஆகிய இரண்டை மட்டுமே கண்டு ஊர் திரும்பியவரின் ஏட்டில் வெற்றி ஒன்றுகூட இராது. அவரை அதிர்ஷ்டமற்றவர் என்று எவர் சொல்வார்?

எனவே இவ்வழக்கத்தை மேற்கொள்ள விரும்புவோர் வானொலியில் கேட்டதையும் தொலைக்காட்சியில் பார்த்ததையும் சேர்க்காதிருப்பதோடு, முடிவுக்கு அருகே இன்னொரு கட்டமும் வரைந்துகொள்வது நன்று. அன்று அரங்கம் என்ன செய்தது என்பதை எழுத அது உதவும். அதை எழுத வல்லவர் அங்கிருந்தவர் மட்டுமே.