சுவரொட்டியும் ஏலமும்



2018-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் முடிவுற்ற ஓர் ஏலத்தைப் பற்றிக் கூறி இப்பேச்சைத் தொடங்குகிறேன். ஏலப்பொருள் ஒரு கடதாசி. அகலம் 27 அங்குலம்; உயரம் 41 அங்குலம். 1932-இல் யுனிவேர்சல் நிறுவனத்தார் வெளியிட்ட 'தி மம்மி' என்னும் திகிற்படத்துக்காக அச்சிடப்பட்ட சுவரொட்டி அது. சிவப்பு உடையணிந்த பெண்ணொருத்தி ஒருபுறம் நிற்க, சீலை சுற்றப்பட்ட பிணம் ஒன்று கைகளைக் குறுக்கே மடித்தபடி மேலே தோன்றும். இதனை இணையவழியே ஏலம் கூறிய சொதபீஸ் நிறுவனத்தார், 10 இலட்சம் முதல் 15 இலட்சம் டொலர் வரை கிடைக்கும் என முன்மதிப்பிட்டிருந்தனர். நாட்கள் கழிந்தன, ஏலம் மூடப்பட்டது, சுவரொட்டி வாங்குவாரின்றித் திரும்பியது.

இதே படத்தின் சுவரொட்டி ஒன்று 1997-இல் இதே நிறுவனத்தாரால் 453,500 டொலருக்கு விற்கப்பட்டிருந்தது. பகிரங்க ஏலத்தில் ஒரு படச் சுவரொட்டிக்கு அதுவரை எவரும் அத்தனை பணம் கொடுத்ததில்லை. படம் முடிந்த மறுவாரமே கிழித்தெறியப்படவேண்டிய ஒரு தாளுக்கு இந்த விலை எங்ஙனம் வந்தது? பின்னர் அதற்கும் மேலே ஏற முயன்றபோது ஏன் கால் வழுக்கியது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண வேண்டுமாயின் நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பவேரியா நாட்டில் அலோயிஸ் செனபெல்டர் என்றொரு நாடகாசிரியர் இருந்தார். தம் நாடகங்களை அச்சேற்றப் பணமில்லாது மலிவான வழியொன்றைத் தேடியவர், 1796-இல் சுண்ணாம்புக் கல்லிலே கொழுப்பு மையால் எழுதி, நீரும் கொழுப்பும் ஒன்றோடொன்று ஒட்டா என்னும் எளிய உண்மையைக் கொண்டு கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். வறுமையிற் பிறந்த அம்முறையைப் பாரிஸ் நகரத்து ஜூல் ஷெரே என்பார், நிறத்துக்கொரு கல்லாக வைத்துப் பெருந்தாள்களில் வண்ணப்படங்களை அச்சிடும் கலையாக வளர்த்தார். அவர் 1892-இல் எமில் ரெய்னோவின் ஒளிச்சித்திரக் காட்சிக்காக வரைந்த சுவரொட்டி, லூமியர் சகோதரர் பாரிசிலே கட்டணம் பெற்றுப் படங்காட்டிய 1895 டிசம்பர் 28-ஆம் நாளுக்கு மூன்று ஆண்டுகள் முற்பட்டது. சினிமா பிறக்குமுன்பே அதன் விளம்பரம் பிறந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

லூமியரின் படங்களுக்காக மார்செலின் ஓசோல் வரைந்த சுவரொட்டியையே, ஒரு படத்தின் காட்சியைத் தன்னகத்தே காட்டிய முதற் சுவரொட்டியாக வரலாற்றாசிரியர் குறிப்பர். தோட்டக்காரன் மீது குழாய்நீர் பாயும் நகைச்சுவைக் காட்சி திரையிலே தெரிகிறது. எனினும் தாளின் பெரும்பகுதியை நிறைத்திருப்போர் அதைப் பார்த்துச் சிரிக்கும் மக்களே. படம் எப்படியிருக்கும் என்பதைவிட, அதைப் பார்த்தால் நீ எப்படி மகிழ்வாய் என்பதே அன்று விற்கப்பட்டது. இன்றைய விளம்பரகாரர் இதைவிடப் புதிதாக ஏதும் கண்டுபிடித்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

அமெரிக்காவிலே படத்தொழில் வளர்ந்தபோது சுவரொட்டியின் அளவுகளும் வரையறை பெற்றன. 27-க்கு 41 அங்குலம் கொண்டது 'ஒற்றைத்தாள்'. அதனிலும் பெரிய மூன்று தாள், ஆறு தாள், சாலையோரப் பலகைகளுக்கான 24 தாள் என்பனவும் இருந்தன. கொட்டகையின் முன்கூடத்தில் வைப்பதற்கு 11-க்கு 14 அங்குல அட்டைகள், பெரும்பாலும் எட்டு எட்டாக வெளிவந்தன.

இவை எவையும் விற்பனைக்காக அச்சிடப்பட்டவை அல்ல. கொட்டகைக்காரர் வாடகைக்குப் பெற்றுப் படம் முடிந்தபின் திருப்பி அனுப்பவேண்டும்; அதே தாள் அடுத்த ஊருக்குப் போகும். நைந்தபின் குப்பைக்குப் போகும். 1920-இல் தொடங்கப்பட்ட நாஷனல் ஸ்கிரீன் சேர்விஸ் என்னும் நிறுவனம், 1940 முதல் ஹொலிவூட்டின் பெரிய நிறுவனங்களுடைய சுவரொட்டிகளைப் பொறுப்பேற்று நாடெங்கும் விநியோகித்தது. தாளின் அடியில் ஆண்டையும் வரிசை எண்ணையும் அச்சிடும் வழக்கமும் அதனோடு வந்தது. தாள்கள் மடிக்கப்பட்டே தபாலிற் சென்றன. 1980-களின் தொடக்கம் வரை இவ்வழக்கம் நீடித்தது. ஆதலால் பழைய அமெரிக்கச் சுவரொட்டியொன்றில் மடிப்புத் தழும்பு இருப்பது குறையன்று. தழும்பே இல்லாத 1940-ஆம் ஆண்டுத் தாள் ஒன்று கிடைத்தால், அறிந்தோர் முதலில் ஐயுறுவர்.

வாடகையும் கிழிசலும் போதாவென்று இரண்டாம் உலகப்போரும் வந்தது. போர்க்காலக் கடதாசி சேகரிப்பிலே பழைய தாள்கள் மூட்டை மூட்டையாகக் கூழாலைக்குப் போயின. இத்தனைக்கும் தப்பியவை பெரும்பாலும் தற்செயலாகத் தப்பியவையே. பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூரொன்றின் பரணிலிருந்து வெளிவந்த ஒரு கட்டை இதற்குச் சான்றாகக் கூறலாம். 1930-களின் தொடக்கத்துச் சுவரொட்டிகள் 33, வாரத்துக்கு வாரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவர்த்தாட் பசையால் ஒட்டப்பட்டுக் கனத்த பலகைபோல் இறுகிக் கிடந்தன. ஏறக்குறைய 30,000 டொலருக்கு அதனை வாங்கியவர் நீராவி காட்டித் தாள் தாளாகப் பிரித்தெடுத்தார். 2012 மார்ச் மாதத்தில் டலஸ் நகரத்து ஹெரிற்றேஜ் ஏலநிலையத்தில் அவை யாவும் சேர்ந்து 5 இலட்சம் டொலருக்குச் சற்று மேல் விலைபோயின. மேலே ஒட்டிய அடுத்த வாரத்துப் படம் கீழுள்ள படத்தை எண்பது ஆண்டு காத்துநின்றது.

சில வேளைகளிற் படம் அழிய, அதன் தாள் மட்டும் எஞ்சும். 1927-ஆம் ஆண்டில் லொன் சேனி நடித்த 'லண்டன் ஆவ்டர் மிட்நைற்' என்னும் ஊமைப்படத்தின் கடைசிப் பிரதி, 1965-இல் எம்.ஜீ.எம். நிறுவனத்தின் படச்சுருட் களஞ்சியத்தில் ஏற்பட்ட தீயோடு போயிற்று. அப்படத்தின் ஒற்றைத்தாட் சுவரொட்டி ஒன்று 2014 நவம்பரில் 478,000 டொலருக்கு விலைப்பட்டது. பார்க்க முடியாத ஒரு படத்தின் முகத்தை மட்டும் வாங்க இவ்வளவு பணமா என்று கேட்போர் உளர். முகமாவது எஞ்சியதே என்பது என் எண்ணம். தமிழின் முதற் பேசும்படமாகிய 1931-ஆம் ஆண்டுக் 'காளிதாஸ்' படச்சுருளும் கிடைத்திலது. விளம்பரங்களும் பத்திரிகைக் குறிப்புகளும் போன்ற கடதாசிகளைக் கொண்டே அதனை நாம் அறிகிறோம்.

இனி, ஏலத்தின் பக்கம் திரும்புவோம். முன்னாளிற் சேகரிப்பாளர் தபால் மூலம் பட்டியல்களைப் பரிமாறியும், பழைய கடைகளைத் துருவியும் வந்தனர். பெருநகரத்து ஏலநிலையங்களுக்குள் நுழையச் செல்வாக்கும் பயணச் செலவும் வேண்டியிருந்தன. 1995 செப்ரெம்பரில் பியர் ஒமிடியார் என்பார் கலிபோர்னியாவில் ஓர் இணைய ஏலத்தளத்தை ஆரம்பித்தார். அதில் முதலில் விலைபோனது பழுதடைந்த லேசர் விளக்கொன்று. கிடைத்தது 14 டொலர் 83 சதம். 'ஈபே' என்று 1997-இற் பெயர் மாறிய அத்தளத்திலே, பரணிற் கிடந்த பழந்தாள்கள் ஒவ்வொன்றாய் வெளிச்சத்துக்கு வந்தன.

நம்மூர்க் கோயிலிலே வாழைக்குலை ஏலம் விடுவதைக் கண்டிருப்பீர்கள். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று கூறுமுன் எதிராளியின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறோம். இணைய ஏலத்தில் முகமில்லை. நான் கொடுக்கக்கூடிய உச்சவிலையை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். அது 100 டொலர் என்றும், அடுத்தவரது உச்சம் 60 என்றும் வைத்துக்கொள்வோம். எனக்கு அப்பொருள் 60-க்குச் சற்று மேலான விலையிற் கிடைத்துவிடும், 100 கொடுக்கவேண்டியதில்லை. வெல்பவன் இரண்டாமவன் சொன்ன விலையைக் கொடுப்பதே உண்மையை வரவழைக்கும் வழி என்று பொருளியலறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் எழுதியிருந்தார். 1996-இல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாளே அவர் மறைந்தார். ஆனால் மனிதர் கணிதப்படி நடப்பவரா? ஏலம் மூடுவதற்குச் சில விநாடிகள் இருக்கும்போது பாய்ந்து கேட்பது தனிக்கலையாகவே வளர்ந்துவிட்டது. ஏழு நாள் உறங்கிக் கிடந்த விலை கடைசி நிமிடத்தில் மும்மடங்காவதை நானே பார்த்திருக்கிறேன்.

இதனால் விளைந்த மாற்றம் விசித்திரமானது. அரிதென்று எண்ணப்பட்ட பல தாள்கள் உண்மையில் அரிதல்ல என்பது தெரியவந்தது. அவற்றின் விலை இறங்கிற்று. மெய்யாகவே அரியவற்றின் விலை ஏறியது. 1942-ஆம் ஆண்டுக் 'கசபிளாங்கா' படத்துக்கு லூயிஜி மார்ட்டினாற்றி என்னும் இத்தாலியர் வரைந்த 1946-ஆம் ஆண்டுச் சுவரொட்டி 2017 யூலையில் 478,000 டொலருக்கும், 1931-ஆம் ஆண்டு 'டிராகுலா'வின் ஒற்றைத்தாள் அதே ஆண்டு நவம்பரில் 525,800 டொலருக்கும் விலைபோயின. இவ்வெற்றிகளைக் கண்ட மயக்கத்திலேயே மறு ஆண்டு 'தி மம்மி'க்குப் பத்து இலட்சத்துக்கு மேல் எதிர்பார்த்தனர் போலும். உலகிலே மூன்றே பிரதிகள் அறியப்பட்டிருந்தும் அது விலைபோகவில்லை. பொருள் ஒன்றாயினும், அதற்குப் போட்டியிட இருவர் வேண்டுமல்லவா?

பணம் புழங்கும் இடத்திற் போலியும் புழங்கும். 2009-ஆம் ஆண்டளவில் யுனிவேர்சல் நிறுவனத்துப் பழைய திகிற்படங்களின் போலி அட்டைகளும் சுவரொட்டிகளும் சந்தையிற் கலந்திருந்தமை வெளிப்பட்டபோது, அனுபவமிக்க சேகரிப்பாளரும் ஏமாந்திருந்தமை தெரிந்தது. கல்லச்சுத் தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் நிறம் பென்சிற் கோடுபோல ஒழுங்கற்றுப் பரவியிருக்கும். பிற்கால மறுபதிப்பிலோ ஒழுங்கான சிறு புள்ளிகள் தெரியும். கணினித் திரையிலே காட்டப்படும் நிழற்படத்தில் இவ்வேறுபாடு தெரியாது. இதுவே இணையவழி வாங்குவோனின் பெருந்துன்பம்.

இதை நான் நூலிற் கற்கவில்லை. காசு கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணைய ஏலத்தில் ஜெமினி நிறுவனத்தாரின் 'சந்திரலேகா' சுவரொட்டி ஒன்றைக் கண்டேன். எஸ். எஸ். வாசன் 1948-இல் வெளியிட்ட அப்படத்துக்கு, இந்தியாவில் அதுவரை காணாத அளவிலே விளம்பரம் செய்யப்பட்டது வரலாறு. என் தந்தையார் இளமையிற் பார்த்து, முரசுமேல் ஆடும் காட்சியை முதுமைவரை விவரித்த படம். விற்பவர் 'பழைய மூலப்பிரதி' என்று எழுதியிருந்தார். கடைசி விநாடியிற் பாய்ந்து கேட்டு வென்றேன். அஞ்சற் செலவும் சேர, ஆசிரியன் ஒருவன் மனைவியிடம் சொல்லத் தயங்கும் தொகை ஆயிற்று. குழாயைத் திறந்து தாளை விரித்தபோதே மனம் சோர்ந்தது. இந்தியச் சுவரொட்டிகளின் வழக்கமான அளவு 30-க்கு 40 அங்குலம். இதுவோ இருபுறமும் குறைந்திருந்தது. தாள் வழவழவென்று வெண்மையாக இருந்தது. கண்ணாடியை வைத்தேன்: புள்ளிகள்! விற்றவருக்கு எழுதினேன். 'பழைய' என்ற சொல் படத்தையே குறிக்கும், தாளையன்று என்று பதில் வந்தது. இலக்கணம் கற்பிக்கும் என்னையே அவர் இலக்கணத்தால் வீழ்த்திவிட்டார். அளவைக் கேட்டு எழுதாமற் பணம் அனுப்பிய பிழை என்னுடையது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மெய்த்தாளை வாங்கியோர்க்கும் கவலை தீர்வதில்லை. பழங்கடதாசியில் உள்ள அமிலம் அதனை உள்ளிருந்தே பொடியாக்கும். கோதுமைப் பசை கொண்டு, அமிலமற்ற தாளும் துணியும் பின்னால் ஒட்டிக் காப்பது மேல்நாட்டு வழக்கம். ஒட்டிய பின் நிறம் பூசிப் புதிதாக்கும்போது, எது பழையது எது புதியது என்ற கேள்வி மறுபடியும் எழும். நம்முடைய வெப்பத்திலும் ஈரத்திலும் இவ்வளவு பாதுகாப்புக்கூட எத்தனை ஆண்டு தாங்குமோ!

யாழ்ப்பாணத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, ஒலிபெருக்கி கட்டிய வண்டியிலிருந்து ராஜா, வெலிங்டன் முதலிய படமாளிகைகளின் துண்டுப்பிரசுரங்களை வீசிச் செல்வார்கள். மஞ்சளும் இளஞ்சிவப்புமாய் மெல்லிய தாள்கள். அவற்றைப் பொறுக்கி ஒரு பிஸ்கற் தகரத்தில் அடுக்கிவைத்திருந்தேன். 1995 ஒக்டோபர் இறுதியில், ஓரிரவில் ஊரோடு ஊராக வெளியேறியபோது எடுத்தவை சான்றிதழ்களும் இரண்டு மாற்றுடைகளுமே. திரும்பி வந்தபோது தகரமும் இல்லை. அது இருந்த அறையின் கூரையும் இல்லை. அந்தத் தாள்களுக்கு அன்று ஒரு சதமும் பெறுமதி கிடையாது. இன்று எவரேனும் ஏலத்திலே கேட்டால் எவ்வளவு கொடுப்பர் என்பதும் எனக்குத் தெரியாது. நானாயின், 'சந்திரலேகா'வுக்குக் கொடுத்ததை மறுபடியும் கொடுப்பேன்.

ஊரின் பெயரையும் படமாளிகையின் பெயரையும் தேடற்கட்டத்தில் எழுதி, வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒருமுறை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சென்னை, பம்பாய், கொழும்பு நகரத்துத் தாள்கள் வருகின்றன. யாழ்ப்பாணத்துத் துண்டுப்பிரசுரம் ஒன்று இதுவரை என் கண்ணிற் படவில்லை.