மானியம் வந்த வழி

"மானியம்" என்னும் சொல்லை இன்று நாம் அரசாங்கக் காகிதங்களிலேயே மிகுதியாகக் காண்கிறோம். உர மானியம், வீட்டு மானியம், நகராட்சி மானியம் என்று அது பல உருக்கொண்டு உலவுகின்றது. ஆயின் நம் முன்னோர்க்கு மானியம் என்பது வரி நீக்கி விடப்பெற்ற நிலமேயாகும். கோயிலுக்கும், ஏரி காப்போர்க்கும், ஊர்ப்பணி புரிவோர்க்கும் நிலம் விட்டனர். நிலம் விளையுமளவும் பணியும் தடையின்றி நடந்தது. நிலமாக இருந்த மானியம் பணமாக மாறியது எவ்வாறு, அப்பணத்தை ஊர்கள் எங்ஙனம் கேட்டுப் பெற்றன, பெற்றபின் எங்ஙனம் ஆண்டன என்பன ஆராயத்தக்கவை. இரு மாநிலங்கள் கைகுலுக்கும் தடாவில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று.

தொலைவில் தேட வேண்டுவதில்லை, திருப்பதியிலேயே தொடங்கலாம். திருமலைக் கோயிற் கல்வெட்டுக்களிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பதை இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் மகிழ்ச்சியோடு நினைவிற்கொள்ளலாம். விசயநகர வேந்தர் காலத்தில் அரசரும், அதிகாரிகளும், வணிகரும், ஆசாரியரும் பெருமானுக்குப் பொருள் அளித்தனர். அப்பொருளைக் கோயிற் பண்டாரத்தார் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவதற்கு அதனைச் செலவிட்டனர். நீர் பெருகவே விளைச்சல் பெருகிற்று. பெருகிய விளைச்சலினின்று, பொருள் அளித்தவர் குறித்த நாளில், குறித்த அளவில், அமுதுபடி நடைபெற்றது. திருவமுதில் நாலில் ஒரு பங்கு அளித்தவருக்கு உரியது. அதற்கு "விட்டவன் விழுக்காடு" என்று பெயர். முதல் அழியாமல், பயன் மட்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் ஏற்பாடு இது. பொருள் எவ்வளவு, பணி யாது, எவருக்கு எத்துணைப் பங்கு என்னும் நிபந்தனைகள் யாவும் கல்லில் பொறிக்கப்பட்டன. கோப்புக் காணாமற் போயிற்று என்று எவரும் கைவிரிக்க இயலாது!

கணக்கைப் பற்றியோ அதனினும் பழைய சான்று உண்டு. கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், முதற் பராந்தக சோழன் காலத்தில் உத்தரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறைக்காகவே பெரிதும் போற்றப்படுகின்றன. என் போன்ற கணக்கெழுதிகளுக்கு அவற்றில் வேறொரு விதி இனிக்கின்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்பதே அது. உறவினரையும் சேர்த்தது சற்றுக் கடுமை எனலாம். ஆயினும் அக்கடுமையின் காரணம் எவருக்கும் விளங்கும்.

நிற்க. ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் கோட்டை கட்டி அமர்ந்தபின் நிகழ்ந்த ஒன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1687 டிசம்பரில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்துப் பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29 ஆம் நாள் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டது. நதானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். மன்ற உறுப்பினருள் நம் நாட்டவரும் இடம்பெற்றனர். இலண்டனில் கம்பெனியை நடத்திய சர் ஜோசையா சைல்டு கருதியது யாதெனில், அதிகாரி கேட்டால் கொடாத வரியை, தம்மவரே கூடிப் பொது நன்மைக்கென்று விதித்தால் மக்கள் மனமுவந்து கொடுப்பர் என்பதாம். மன்றக் கட்டடமும், சிறையும், நாட்டுக் குழந்தைகட்குப் பள்ளியும் அவ்வரியால் எழவேண்டும் என்பது எண்ணம். கருத்து நன்றே, ஆயினும் மக்கள் வரி கொடுக்க ஒருப்படவில்லை. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. பட்டயம் கடல் கடந்து வந்தது. பள்ளி வேண்டுமா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை.

பின்வந்த இரு நூற்றாண்டுகளை விரைந்து கடக்கலாம். 1871 இல் சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. 1882 மே 18 ஆம் நாள் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் தல சுயாட்சிக்கு வித்திட்டது. 1884 இல் நகராட்சிகட்கும் தாலுகா, ஜில்லா போர்டுகட்கும் சட்டங்கள் எழுந்தன. நம் தடா அந்நாளில் நெல்லூர் ஜில்லாவில், சென்னை மாகாணத்திலேயே இருந்தது.

சுதந்திர இந்தியாவில் 1952 அக்டோபர் 2 ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நன்னாளில், 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசு பணம் தரும். ஊரார் உழைப்பாகவோ பொருளாகவோ தம் பங்கைத் தரவேண்டும். ஐந்தாண்டு கழித்து, 1957 இல் பல்வந்தராய் மேத்தா குழுவினர் ஆராய்ந்து, ஊராருடைய ஊக்கம் எழவில்லை எனக் கண்டு, மூன்றடுக்குப் பஞ்சாயத்து முறையைப் பரிந்துரைத்தனர். இராசஸ்தானத்தை அடுத்து 1959 இல் ஆந்திரம் அதனை மேற்கொண்டது.

இனி நகரங்களின் கதைக்கு வருவோம். 2005 டிசம்பர் 3 ஆம் நாள் நேரு பெயரால் அமைந்த தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம் தொடங்கியது. பின்னர்த் திருப்பதியும் அதிற் சேர்க்கப்பட்டது. நாற்பது இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் சென்னை போன்ற நகருக்கு மத்திய அரசின் பங்கு 35 சதவீதம். மதுரை, கோவை போன்றவற்றுக்கு 50 சதவீதம். பத்து இலட்சத்துக்குட்பட்ட திருப்பதி போன்றவற்றுக்கு 80 சதவீதம். பணம் ஒரே மூச்சில் வரவில்லை. நான்கு தவணையாக வந்தது. முதல் தவணையில் நூற்றுக்கு எழுபது பங்கு செலவாயிற்று என்று பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினாலன்றி அடுத்தது கிட்டவில்லை. நாள்தோறும் வவுச்சர்களோடு பழகும் இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இவ்விதி வியப்பளிக்கவில்லை. ஆயினும் நல்ல பொறியாளனும் நல்ல கணக்கனும் இல்லாத சிறு நகரம் என் செய்யும்? தேவை மிகுந்த ஊரே பெரும்பாலும் திட்ட அறிக்கை எழுதத் தெரியாத ஊராகவும் இருக்கின்றது.

இவ்விடத்தில் ஆலந்தூரின் வரலாற்றைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். பரங்கிமலைக்கு அருகில், சென்னையை ஒட்டியிருந்த நகராட்சி அது. 2001 இல் மக்கட்டொகை ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். பாதாளச் சாக்கடை இன்றி, வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டியோடு மக்கள் இடர்ப்பட்டனர். 1996 இல் நகராட்சித் தலைவரான திரு. ஆர். எஸ். பாரதியும் மன்றத்தாரும் முதலில் அரசின் வாயிலில் போய் நிற்கவில்லை, மக்களிடம் போயினர். பணம் கொடுக்க இசைவீரோ என்று வீடுதோறும் கருத்துக் கேட்கப்பட்டது. வீடொன்றுக்கு ரூ. 5,000 வைப்புத் தொகை. அதனையும் தவணையாகச் செலுத்தலாம். சாக்கடைக்கு ஒரு குழாயும் புதைக்கப்படாத நாளில் ஐயாயிரம் கொடுப்பதென்றால் நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதோ? "பணம் போனால் போனதுதான்" என்று ஐயுற்றோர் இருந்திருக்கமாட்டாரோ? ஆயினும் மக்கள் கொடுத்தனர். வைப்புத் தொகையே ஏறக்குறைய 8 கோடி ரூபாய் ஆயிற்று. திட்டச் செலவு 34 கோடி அளவினது. மக்கள் பணத்தைக் கண்டபின்னரே கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பெரும்பகுதியைக் கடனாகத் தந்தன; மானியமாக வந்தது சிறு பகுதியே. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் முதலிட்டுக் கட்டி, சிலகாலம் நடத்திப் பின்னர் ஒப்படைப்பது என ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்நகராட்சி 2011 இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. 1688 இல் சென்னை மக்கள் மறுத்ததை, முந்நூறு ஆண்டுகட்குப்பின் அதே சென்னையின் அருகில் மக்கள் ஏன் செய்தனர் என எண்ணிப் பார்த்தால், கேட்கப்பட்டதும் கேளாததுமே வேறுபாடு என்பது என் துணிபு.

2015 ஜூன் 25 இல் எழுந்த "ஸ்மார்ட் சிட்டி" இயக்கம் போட்டி முறையை வெளிப்படையாகவே கைக்கொண்டது. நகரங்கள் திட்டம் எழுதி ஒன்றோடொன்று போட்டியிட வேண்டும். வென்ற நகருக்கு மத்திய அரசு 500 கோடி, மாநில அரசு அதே அளவு. முதற் சுற்றில் சென்னையும் கோவையும் வென்றன. 2016 செப்டம்பரில் திருப்பதியும் மதுரையும் வேலூரும் இடம்பெற்றன. பணத்தை ஆள்வதற்குத் தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்க, அதன் பக்கத்தில் இன்னொரு கம்பெனி எதற்கு என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. திருப்பதியில் 2023 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட ஸ்ரீநிவாச சேது மேம்பாலத்துக்குத் தேவஸ்தானம் பெரும்பங்கும், ஸ்மார்ட் சிட்டி நிறுவனம் எஞ்சியதும் அளித்தன. கோயிற் பணம் அன்று கால்வாயாயிற்று, இன்று பாலமாயிற்று! அவ்வியக்கம் 2025 மார்ச் 31 உடன் முடிவுற்றது.

தடா நகராட்சி அன்று. ஆதலின் மேற்கூறிய நகரத் திட்டங்கள் நம் வாயிலுக்கு வந்தில. ஒரு நிலையம் தள்ளி ஆரம்பாக்கத்தில் இருப்போர், 1997 இல் தமிழ்நாட்டில் தோன்றிய "நமக்கு நாமே" திட்டத்தின்படி, மூன்றில் ஒரு பங்கைத் தாம் திரட்டினால் எஞ்சியதை அரசிடம் கேட்கலாம். நமக்கு அது எல்லைக்கு அப்பாற்பட்டது. இப்பக்கத்திலோ 1997 இல் "ஜன்மபூமி" இயக்கம் மக்கள் பங்கேற்பைப் பேசியது. 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாம் நிதிக்குழு ஊராட்சிகட்கு விதித்த நிபந்தனையோ எல்லைக்கு இருபுறமும் ஒன்றே: கணக்கை இணையத்தில் எவரும் காண வெளியிட்ட ஊராட்சிக்கே மானியம்; அதிலும் அறுபது சதவீதம் குடிநீர்க்கும் துப்புரவுக்குமே உரியது. ஆதலின் நம் அன்பர்கள் கிராம சபை கூடும் நாளில் தவறாது சென்று, தெலுங்கில் படிக்கப்படும் வரவுசெலவைக் கேட்டு, புரியாத இடத்தில் எழுந்து நின்று வினவ வேண்டும். தெலுங்கு எழுத்தறியாத முதியோர்க்கு அதனைத் தமிழில் எடுத்துரைக்கும் பணியை நம் சங்கத்து இளைஞர்கள் ஏற்கலாம்.