விளம்பரமும் ஆள்சேர்ப்பும்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு விதிகள், 1852–2025

முன்னுரை

அமெரிக்காவில் இரு கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டியே ஒரு விளம்பர ஏற்பாடுதான். 1852 ஆகஸ்டில் ஹார்வர்டு, யேல் மாணவர்கள் நியூ ஹாம்ப்ஷயரின் வின்னிபெசாக்கி ஏரியில் துடுப்பு வலித்தனர். அப்பகுதிக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்க விரும்பிய ரயில் நிறுவனம் இரு அணிகளின் செலவையும் ஏற்றது. தூய்மையாக இருந்த கல்லூரி விளையாட்டை வணிகம் பின்னாளில் கெடுத்தது என்ற பரவலான கருத்துக்கு இந்தத் தொடக்கம் இடம் தரவில்லை.

வீரர்களைக் கல்லூரிக்குச் சேர்ப்பது பற்றிய விதிகளும், அவர்கள் விளம்பரத்தில் தோன்றுவது பற்றிய விதிகளும் தனித்தனியாகவே விவாதிக்கப்படுகின்றன. இரண்டும் சேர்ந்து விளைவித்தது ஒன்றே: வீரரின் புகழ் ஈட்டும் வருவாய் கல்லூரிக்கும் நிறுவனங்களுக்கும் போகலாம், வீரருக்குப் போகக் கூடாது. இக்கட்டுரை அந்த ஏற்பாடு உருவாகிக் குலைந்த வரலாற்றை ஆராய்கிறது.

உதவித்தொகைக்கான வழி

அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் இளைஞர்கள் இறந்துவந்ததால், 1905இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் கல்லூரிகளின் சங்கம் ஒன்று அமைந்தது, 1910இல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்.சி.ஏ.ஏ.) எனப் பெயர் மாறியது. விளையாட்டுத் திறமைக்காக ஒருவருக்கு ஆசை காட்டிக் கல்லூரியில் சேர்ப்பதைச் சங்கம் தொடக்கத்திலேயே கண்டித்தது. ஆனால் விதியைக் காக்கும் பொறுப்பை அந்தந்தக் கல்லூரியிடமே விட்டது. இதன் விளைவை 1929இல் வெளிவந்த கார்னகி அறக்கட்டளை அறிக்கை காட்டியது. ஆராயப்பட்ட 112 கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் வீரர்களுக்கு ஏதோ ஒரு வகையில் ஆதாயம் கிடைத்துவந்தது.

1948இல் 'சானிட்டி கோட்' எனப்பட்ட விதித்தொகுப்பு, வறுமையை நிரூபிக்கும் வீரருக்குக் கல்விக் கட்டண உதவி மட்டும் அனுமதித்தது. அதை மீறிய ஏழு கல்லூரிகளை நீக்க 1950இல் முயன்றபோது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. மறு ஆண்டே விதி கைவிடப்பட்டது. 1956இல் வறுமை நிபந்தனையின்றி, கட்டணம், தங்குமிடம், உணவு அடங்கிய விளையாட்டு உதவித்தொகை ஏற்கப்பட்டது. உதவித்தொகை இனி ஊதியமல்ல, அதற்கு மேற்பட்டது எல்லாம் குற்றம் என்ற எல்லை இவ்வாறு வரையப்பட்டது. எல்லை தாண்டினால் தண்டனை கடுமையாக இருந்தது: வீரர்களுக்குப் பணம் கொடுத்துவந்த சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் 1987ஆம் ஆண்டுக் கால்பந்துப் பருவமே ரத்தானது.

புகழின் உரிமை

இதே காலத்தில் வீரரின் புகழ் கல்லூரிக்கு மூலதனமாயிற்று. 1970களின் இறுதியில் சன்னி வக்காரோ, நைக்கி நிறுவனத்துக்காகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களுடன் ஒப்பந்தம் செய்தார். காலணி வீரர் காலில். பணம் பயிற்சியாளர் கையில். 2001இல் ஓரிகன் பல்கலைக்கழக வீரர் ஜோயி ஹாரிங்டனின் பிரமாண்டமான படம் மன்ஹாட்டன் கட்டடம் ஒன்றில் சுமார் 2.5 லட்சம் டாலர் செலவில் எழுப்பப்பட்டது. அவருடைய முகம் விளம்பரமானது. அதற்காக அவர் பணம் பெற விதி இடம் தரவில்லை.

ஜெரமி பிளூம் வழக்கு இன்னும் தெளிவானது. கொலராடோ பல்கலைக்கழகக் கால்பந்து வீரரான அவர் ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீரரும்கூட. ஒரு விளையாட்டில் தொழில்முறையாகச் சம்பளம் வாங்குபவர் கல்லூரிக்காக வேறொரு விளையாட்டை ஆடலாம் என விதி சொன்னது. பனிச்சறுக்குக்கான விளம்பர வருவாயை மட்டும் அது ஏற்கவில்லை. அந்த வருவாயை ஏற்றதால் 2004இல் பிளூமின் கல்லூரிக் கால்பந்து வாழ்க்கை முடிந்தது. சம்பளத்தைவிட விளம்பரமே அஞ்சப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கல்லூரிகளுக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. பள்ளி வீரர்களைக் குறிவைத்து அவர்களைச் சேர்க்கும் விளம்பரங்கள் தடுக்கப்பட்டன. பயிற்சியாளர்கள் அவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது 2007இல் தடைசெய்யப்பட்டு, பின்னர் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. இவை கல்லூரிகளுக்கிடையிலான செலவுப் போட்டியை மட்டுப்படுத்தின. விளம்பர நிறுவனங்களின் செல்வாக்கைத் தொடவில்லை. பள்ளி வீரர்களின் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்து, தன் நிறுவனத்தோடு ஒப்பந்தமுள்ள கல்லூரிகளுக்கு அவர்களைத் திருப்பிய அடிடாஸ் அதிகாரி ஒருவர் 2018இல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

நீதிமன்றத் திருப்பம்

முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், வீடியோ விளையாட்டில் தன் உருவம் பயன்பட்டதை எதிர்த்து 2009இல் தொடுத்த வழக்கு இந்த ஏற்பாட்டின் அடித்தளத்தை அசைத்தது. 2019இல் கலிஃபோர்னியா, வீரர்கள் தம் பெயர், உருவத்தைக் கொண்டு பொருளீட்ட அனுமதிக்கும் சட்டம் இயற்றியது. 2021 ஜூனில், வீரர்களுக்கான கல்வி சார்ந்த சலுகைகளின் வரம்பை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் விளம்பர வருவாய்க்கான தடை நீங்கியது. உடனே பல்கலைக்கழக ஆதரவாளர்கள் 'கலெக்டிவ்' குழுக்களை அமைத்து, விளம்பர ஒப்பந்தம் என்ற பெயரில் வீரர்களை ஈர்த்தனர். சேருமுன் இப்படிப் பேரம் பேசுவதைத் தடுத்த விதியையும் 2024இல் டென்னசி கூட்டாட்சி நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2025 ஜூனில், வீரர்கள் சங்கத்துக்கு எதிராகத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசம், முன்னாள் வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு வகுத்தது. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் வழிசெய்தது. முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர்.

முடிவுரை

வீரரின் வருவாயைத் தடுத்தவரை, விளம்பரத்தையும் ஆள்சேர்ப்பையும் பிரித்துக்காட்டுவது எளிதாக இருந்தது. தடை நீங்கியதும் அந்தப் பிரிவு ஒவ்வொரு ஒப்பந்தத்துக்குள்ளும் தேடப்பட வேண்டியதாயிற்று. இப்போது 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வெளியார் ஒப்பந்தம் உண்மையான வணிக நோக்கம் உடையதா என்று பரிசீலிக்கப்படுகிறது. வீரர் விளம்பரத்தில் நடிக்கலாமா என்று கேட்ட விதி, அவர் நடிப்பது விளம்பரம்தானா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறது. இதற்கு விடை காண, ஒரு வீரரின் புகழுக்குச் சந்தை விலை எவ்வளவு என்று கணிக்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இல்லை என்று சொல்லப்பட்ட விலை அது.