விறகும் மூங்கிலும் பாடமானபோது

பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் வேதியியல், இயற்பியல், விமானப் பொறியியல் என்று ஆய்வு துறைதுறையாகவே வளர்ந்து வந்தது. எந்தத் துறைக்கும் முழுவதுமாக உரியதல்லாத ஒரு முயற்சி அங்கே 1974இல் தொடங்கியது. அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் ஊரகத்துக்குப் பயன்படுத்துவது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘அஸ்த்ரா’ என்று பெயர் வைத்தார்கள். வளங்குன்றா வளர்ச்சி என்ற சொல் உலக மேடைகளில் புழங்கத் தொடங்கப் பல ஆண்டுகள் இருந்தன.

முயற்சியின் மூலவர் அமுல்ய குமார் ரெட்டி. அவர் மின்வேதியியலாளர். ஜான் போக்ரிஸுடன் சேர்ந்து 1970இல் அவர் வெளியிட்ட பாடநூல் பல நாட்டு மாணவர்களுக்கு அத்துறையின் அடிப்படை நூலாக இருந்தது. அந்தத் துறையிலேயே நீடித்திருந்தால் அவருக்குப் புகழில் ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால், நாட்டின் பெரும்பாலான மக்கள் வாழும் கிராமங்களுக்கு உயர்கல்வி நிறுவனங்களின் ஆய்வு என்ன செய்தது என்ற கேள்வி அவரை வேறு பக்கம் திருப்பியது. கழகத்தின் இயக்குநராகவும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராகவும் அப்போது இருந்த சதீஷ் தவன் இதற்குத் துணை நின்றார். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் உங்ரா என்ற ஊரில் களமையம் அமைந்தது.

அங்கே முதலில் நடந்தது கணக்கெடுப்பு. ஓர் ஊர் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது, அது எங்கிருந்து வருகிறது, யாருடைய உழைப்பில் வருகிறது என்று வீடுவீடாக அளந்தார்கள். பூரா என்ற சிற்றூரில் கிடைத்த விடைகள் பல நம்பிக்கைகளை அசைத்தன. ஊரின் ஆற்றலில் மிகப்பெரும் பங்கு விறகிலிருந்து வந்தது; மின்சாரத்தின் பங்கு மிகச் சிறியது. மனித உழைப்பில் பாதிக்கு மேல் பெண்களுடையது. ஊர்மக்கள் எரித்ததில் பெரும்பகுதி பொறுக்கிய சுள்ளியே தவிர வெட்டிய மரமல்ல. காடு அழிவதற்குக் கிராமத்து அடுப்பே காரணம் என்ற பேச்சு நாடெங்கும் ஓங்கியிருந்த காலத்தில் இது சாதாரணக் கண்டுபிடிப்பு அல்ல. அதற்கான ஆதாரம் எந்த ஆய்வகத்திலும் கிடைத்திருக்காது.

சாண எரிவாயுத் திட்டத்தில் பாடம் வேறுவிதமாக வந்தது. பூராவில் கலன் கட்டியது சமையலுக்கு எரிவாயு தருவதற்காக. ஊரின் மாடுகள் தரும் சாணம் எல்லா வீட்டு அடுப்புக்கும் போதவில்லை. ஊர்மக்களுக்கு அதைவிட அவசரமாக வேண்டியிருந்தது குடிநீர். திட்டம் தலைகீழாக மாறியது. 1987இல் அந்த வாயுவைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டி, மின்சாரம் எடுத்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் இறைத்தார்கள். வீடுகளுக்கு விளக்கும் எரிந்தது. சாணம் கொண்டுவந்தவர்களுக்குக் கூலி கிடைத்தது, செரித்த கழிவு எருவாகத் திரும்பிச் சென்றது. பொறியியல் ஒரு கூறு மட்டுமே. யாருக்கு எது முதலில் தேவை என்று கேட்கத் தெரிந்ததுதான் திட்டத்தை நிலைக்கச் செய்தது.

கட்டடப் பொறியியல் பேராசிரியர் கே.எஸ். ஜகதீஷும் உடன் பணியாற்றியவர்களும் மண்ணை எடுத்துக்கொண்டார்கள். செம்மண்ணோடு சிறிதளவு சிமென்ட் கலந்து கைவிசையால் அழுத்தினால் சூளையில் சுடாமலே கல் கிடைக்கும். செங்கல் சுட ஆகும் விறகும் நிலக்கரியும் மிச்சம். அந்தக் கற்களால் கட்டிய வீடுகள் பெங்களூர் நகரத்திலும் எழுந்தன. புகைபோக்கியோடு மூன்று பாத்திரம் ஏற்றும் சிக்கன அடுப்பும் இக்குழுவிலிருந்தே வந்தது. விமானப் பொறியியல் துறையில் எரிதலை ஆராய்ந்த எச்.எஸ். முகுந்தாவின் குழு மரத்துண்டுகளை வாயுவாக்கும் கலனை வடிவமைத்தது. 1988இல் மின்கம்பி எட்டாத ஹொசஹள்ளியில் அது விளக்கேற்றியது.

இதே வளாகத்தில் இன்னொரு கிளை காட்டிலிருந்து வளர்ந்தது. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய சூழலியலாளர் மாதவ் காட்கில் 1973இல் கழகத்தில் சேர்ந்தார். எழுபதுகளின் நடுவில் கர்நாடக அரசு அவரிடம் ஒரு கேள்வியை ஒப்படைத்தது: மூங்கில் ஏன் குறைந்து வருகிறது? காகித ஆலைக்கு டன் ஒன்றரை ரூபாய்க்கு மூங்கில் கொடுத்த காலம் அதற்கு முன்னால் இருந்தது. கூடை முடைபவர்களோ சந்தை விலை கொடுத்தார்கள். பழி ஊர்மக்கள் மேலும் அவர்கள் மாடுகள் மேலும் விழுந்துகொண்டிருந்தது. காட்கிலும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டில் கண்டது வேறு. மூங்கில் நன்றாக வளரும் என்று எண்ணி, வனத்துறையினர் தூரைச் சுற்றியிருந்த முள் மிலாறுகளை அகற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள். அந்த முள்தான் இளங்குருத்துக்கு வேலி. வேலி போனதும் குருத்துகள் விலங்குகளின் வாய்க்குப் போயின. இது ஊரில் மூங்கில் வெட்டுபவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர்கள் முள்ளைத் தொடாமல் விட்டே வெட்டினார்கள். தாவரவியல், விலை, நிர்வாகம், ஊரறிவு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த விடையை எட்டியிருக்க முடியாது.

1983இல் சூழலியல் அறிவியல் மையம் அங்கே உருவானது. அதில் ரா. சுகுமார் தமிழ்நாடு, கர்நாடகம் சேரும் மலைக்காடுகளில் யானைகளையும், அவை பயிரை மேய்வதால் உழவர்களோடு எழும் மோதலையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1988இல் முதுமலையில் 50 ஹெக்டேர் நிலத்தில் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுக்களமும் இம்மையத்தால் அமைந்தது. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986இல் அறிவிக்கப்பட்ட நீலகிரிக் காப்பகத்தின் திட்டத்திலும் காட்கிலின் உழைப்பு இருந்தது. வரலாற்றாய்வாளர் ராமச்சந்திர குகாவோடு சேர்ந்து 1992இல் அவர் எழுதிய இந்தியச் சூழலியல் வரலாறு, அறிவியலும் சமூகவியலும் ஒரே மேசையில் உட்காரலாம் என்பதற்குச் சான்றாக நின்றது.

அஸ்த்ரா பின்னாளில் வளங்குன்றாத் தொழில்நுட்பங்களுக்கான மையமாகப் பெயர் மாறியது. ரெட்டி வேறு மூன்று நாட்டு அறிஞர்களோடு எழுதிய ஆற்றல் பற்றிய நூல் 1988இல் வெளிவந்தது. நால்வரும் 2000ஆம் ஆண்டின் வோல்வோ சுற்றுச்சூழல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 2006இல் அவர் மறைந்தார்.

நாட்டின் மற்றக் கல்லூரிகளுக்குச் சூழல் கல்வி நீதிமன்றத்தின் வழியே வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எல்லா இளநிலைப் பட்ட வகுப்புகளுக்கும் ஆறு மாதக் கட்டாயத் தாளைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. வணிகவியல் மாணவரும் இயந்திரப் பொறியியல் மாணவரும் ஒரே பாடத்தைப் படிக்கும் நிலை வந்தது பெரிய செய்திதான். நூறு மதிப்பெண்ணில் எழுபத்தைந்து எழுத்துத் தேர்வுக்கும் இருபத்தைந்து களப்பணிக்கும் ஒதுக்கப்பட்டன. ஐம்பது வகுப்புகளில் களத்துக்குக் கிடைத்தவை ஐந்து: பக்கத்து ஆறு, காடு அல்லது மலையைப் பார்த்து எழுதுதல், மாசுபட்ட ஓர் இடத்தைப் பார்த்தல், செடி, பூச்சி, பறவைகளை இனங்காணுதல். பூராவில் நடந்ததற்கு மிக நெருங்கிய பகுதி இதுவே. பாடத்திட்டத்தின் எட்டு அலகுகளில் கடைசியாக வைக்கப்பட்டதும் இதுவே.